அவருடைய ஆங்கிலம் மாறிய மாதங்கள்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவரைக் கொண்டுபோனது காய்ச்சல். ஆனால் அவர் எனக்குக் கடைசியாகச் சொன்னதைக் கொண்டுபோனது என் கோபம்தான். காய்ச்சலை எப்போதோ மன்னித்துவிட்டேன்.

நாங்கள் இருவரும் நாசரேத்துப் பக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபோது அவர் ஒரு ஸ்டீமர் ஏஜென்சியில் டைப் அடிக்கும் குமாஸ்தா, நான் பெண்கள் பள்ளியில் ஆங்கில டீச்சர். பெரிய கப்பல் கரைக்கு வராத துறைமுகம் அப்போது எங்களுடையது. ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கெல்லாம் தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். காற்று மாறினால் தோணி போகாது. தோணி போகாவிட்டால் தாமதம். தாமதத்துக்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு ஒரு நகல். இப்படி அறுபது எழுபது வருஷக் கடிதங்களின் நகல் புத்தகங்கள் அவருடைய ஆபீஸ் பின்னறையில் கூரை முட்டக் கிடந்தன. அறையைக் காலி பண்ண வேண்டும், கருவாட்டுக் கடைக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு வந்ததும், இந்த மனிதர் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கைவண்டி நிறையப் பழைய காகிதம் எங்கள் வாசலில் வந்து நின்றது.

நான் ஆடிய ஆட்டத்தை அக்கம்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். இருப்பது ஒன்றரை அறை, இதில் கரையானுக்கு விருந்து வைக்கவா கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். அவரோ மேலாகக் கிடந்த ஒரு புத்தகத்தைத் தூசி தட்டிப் பிரித்து, வெள்ளைக்கார ஏஜெண்ட் மாதிரித் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு கடிதத்தை வாசித்தார். மூன்று பொதி பஞ்சு தோணியில் நனைந்துபோனதற்கு ஒரு துரை இன்னொரு துரைக்கு எழுதிய கடிதம். பக்கம் முழுக்கக் குழைந்துவிட்டுக் கடைசியில் 'யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்' என்று முடிந்திருந்தது. தங்களுக்கு மிகவும் கீழ்ப்படிந்த ஊழியன். வாசித்துவிட்டு என் முன்னால் இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்துவிட்டால் என் கோபம் அம்போ. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்தத் துரைமார் எந்த வருஷம் கீழ்ப்படிந்த ஊழியனாக இருப்பதை விட்டார்கள் என்று பார்ப்போமே என்றார். சும்மா பொழுதுபோக்காகத்தான் ஆரம்பித்தோம். பிறகு அது எங்களைப் பிடித்துக்கொண்டது. முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் ஒவ்வொரு துரையும் சிப்பி அழுகும் நாற்றத்தைப் பற்றிப் புலம்பியிருப்பார். பழைய புத்தகத்தில் இருப்பவர் அதை 'எஃப்ளூவியம்' என்பார். இருபது வருஷம் கழித்து வந்தவர் 'ஓடர்' என்பார். அவருக்கும் பின்னால் வந்தவர் வெறும் 'ஸ்மெல்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். கரையில் நாற்றம் என்னவோ அதே நாற்றம்தான். 'இன்ஸ்டன்ட்' என்று ஒரு சொல் அந்தக் காலத்தில் நடப்பு மாதத்தைக் குறித்தது. அது எந்தப் புத்தகத்தில் மெலிந்து, எதில் காணாமல் போகிறது என்று தேடினோம். ஆங்கிலம் பைபிள் மாதிரி ஒரே நிலையில் நிற்கிற பாஷை என்று என் டீச்சர்மார் எனக்குச் சொல்லி, நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எங்கள் கண் முன்னாலேயே அசைந்தது.

வேலைக்கு ஒரு முறை வைத்தோம். ஆபீசில் ரத்தான சரக்கு ரசீதுகளின் பின்பக்கத்தை நான்காக வெட்டிச் சீட்டாக்குவோம். ஒரு சீட்டுக்கு ஒரு சொல். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாலைந்து சொற்கள். மூலையில் புத்தகத்தின் எண், வருஷம். பிறகு அகர வரிசைப்படி பிஸ்கட் டின்னில் அடுக்குவோம். கடல் காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு சங்கு. கடிதத்தின் சங்கதியையும் சுருக்கமாக எழுதி வைப்போம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். வேண்டவே வேண்டாம், நனைந்த பஞ்சும் உடைந்த பீப்பாயும் நமக்கு எதற்கு, சொல் போதும் என்று நான்தான் அடித்துப் பேசினேன். மிச்சத்துக்கு மூன்று புள்ளி வைத்தால் தீர்ந்தது என்றேன். வீட்டில் என் சொல்தான் எடுபடும். அப்படியே ஆயிற்று.

அதனால் ஒரு முறை நன்றாக ஏமாந்தோம். ஒரு புத்தகத்தின் நடுவில், ஒரே மழைக்காலத்தில், ஆங்கிலம் தலைகீழாகிப்போனது. கீழ்ப்படிந்த ஊழியன் ஒரே நாளில் போய், 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி' வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லா நகலும் ஒரே குமாஸ்தாவின் கையெழுத்து. கீழே யார் பெயரும் இல்லை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் கடற்கரையில் ஆங்கிலம் மாறிய மாதத்தையே பிடித்துவிட்டோம் என்று அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன். ஒரு வாரம் சீட்டுப் போட்டோம். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அவர் முகம் மாறி, அதே புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏளா, நாம பேச்சு மாறிட்டுன்னு எழுதி வச்சிருக்கோம். இங்கன ஆளே செத்துல்லா போயிருக்கான்" என்றார்.

பழைய துரை காலராவில் போய்விட்டார். அவருடைய துணிமணி, தொப்பி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு ஊருக்கு அனுப்புகிற கடிதம் அது. அதே கடிதத்திலிருந்து நான் இரண்டு சீட்டு எழுதியிருந்தேன். சொல்லைப் பார்த்தேனே தவிர, ஒரு மனிதனின் தொப்பி பெட்டிக்குள் போவதைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு அவர் ஒரு விதி சொன்னார்.

"பேச்சு மெதுவாத்தான் மாறும். திடீர்னு மாறுனா, பேசுத ஆளு இருக்கானான்னு பாக்கணும்."

இதை நான் ஒரு சீட்டில் எழுதி டின் மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்தேன்.

ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்த பிறகு எங்கள் துறைமுகம் பாதி தூங்கிப்போனது. கப்பல் வருவது குறைந்து, ஆபீசில் ஆளையும் குறைத்தார்கள். அவர் பட்டாளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். துப்பாக்கி இல்லை, டைப்ரைட்டர்தான், அஸ்ஸாமில் ஏதோ ஒரு கிடங்கு ஆபீசில் வேலை என்று எனக்குச் சமாதானம் சொன்னார். கூடவே வேம்பார்க்காரர் ஒருவரும் சேர்ந்தார். கடற்கரைக் கத்தோலிக்கர், அவருடைய பழைய ஆபீஸ் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே ரயிலில் போனார்கள். என் கணவரைவிட இளையவர், என்னை மதினி என்றுதான் கூப்பிடுவார். ரயிலடியில் நின்றுகொண்டு, அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன் மதினி என்றார். நான் அதை நம்பினேன்.

கடிதங்கள் ஆங்கிலத்தில் வந்தன. தமிழில் எழுதினால் தணிக்கைக்குத் தமிழ் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும் என்பது ஒரு காரணம். எனக்குச் சீட்டுப் போட வேண்டும் என்பது இன்னொரு காரணம். எல்லாம் டைப் அடித்தவை. அவர் கையெழுத்து ஈரமணலில் நண்டு ஓடிய மாதிரி இருக்கும். காதலித்தாலும் டைப் அடித்துத்தான் காதலிக்க வேண்டும் என்று நானே கேலி செய்திருக்கிறேன். கீழே பேனாவில் ஒரே ஓர் எழுத்து, அவர் பெயரின் முதல் எழுத்து. தேதியைத் தணிக்கைக்காரர் பெரும்பாலும் கறுப்பு மையால் அடித்துவிடுவார். அதனால் வந்த வரிசைப்படி நானே எண் போட்டு வைத்தேன்.

மற்ற வீட்டுக்காரர் லீவில் வரும்போது பண்டம் கொண்டுவருவார்கள். இவர் கடிதத்துக்குக் கடிதம் எனக்குச் சொல் அனுப்பினார். 'ஏரோபிளேன்' இங்கே வெறும் 'பிளேன்' ஆகிவிட்டது, எழுதிக்கொள் என்பார். 'ஜீப்' என்று ஒரு வண்டி, எந்த அகராதியிலும் இருக்காது என்பார். அமெரிக்கக்காரர்கள் எதற்கெடுத்தாலும் 'ஓகே' என்கிறார்களாம். நான் வகுப்பில் வாய்தவறி ஓகே சொல்லி, தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டுக் கேட்கும்படி ஆனது. எல்லாக் கடிதத்தையும் அவர் முடிப்பது ஒரே மாதிரிதான். பெண்டாட்டிக்கு எழுதுகிற கடிதத்தின் கடைசியில், 'யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்.' அதை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கைவண்டி நாளின் கும்பிடு என் கண்ணுக்குத் தெரியும்.

ஒரே ஒரு தடவை லீவில் வந்தார். பத்து நாள். திரும்பிப் போன இரண்டாம் மாதம் நான் உண்டாகியிருப்பதை எழுதினேன். பதில் வர வெகுநாள் ஆனது. வந்த பதிலில் ஒரு பக்கம் முழுக்கச் சந்தோஷம். முடிவில் கும்பிடு.

அதற்குப் பிறகு வந்த கடிதத்தில் 'மோஸ்ட்' இல்லை. யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட், அவ்வளவுதான். அதென்ன, கீழ்ப்படிதல் குறைகிறதே என்று மனதுக்குள் செல்லமாகத் திட்டிவிட்டுச் சீட்டுப் போட்டேன். மூன்று வாரம் கழித்து அடுத்த கடிதம், அதில் 'ஒபீடியன்ட்' போய்விட்டது. வெறும் ஊழியன். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மனிதர் விளையாடுகிறார். நகல் புத்தகங்களில் நாற்பது ஐம்பது வருஷம் நடந்ததை எனக்காகக் கடிதத்துக்குக் கடிதம் நடத்திக் காட்டுகிறார். துரைமார் பேச்சு எப்படி ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்ததோ அதே வரிசை, அதே நிதானம். நடுவில் வேறு சொற்களும் மாறியிருந்தன. நீ நலம் என்று 'ட்ரஸ்ட்' பண்ணுகிறேன் என்று பழைய துரை மாதிரி எழுதுகிறவர், இப்போது எல்லாரையும் போல 'ஹோப்' பண்ணினார். வாக்கியம் குட்டையாகிக்கொண்டு வந்தது. பட்டாளத்துக் காற்று பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை சந்தோஷமாக நான் சீட்டு எழுதியதே கிடையாது.

எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, சாத்தான்குளத்திலிருந்து மாமாவும் அத்தையும், அதாவது அவருடைய அப்பாவும் அம்மாவும், சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். மாமா அங்கே கருப்பட்டி வியாபாரம். கடையை அடைத்துவிட்டு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் எங்கேயும் தங்காதவர். எனக்கு அம்மா இல்லை, அதனால் பிரசவம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கடையை மூடிவிட்டா வந்தீர்கள் என்று கேட்டதற்கு, அது கிடக்கு என்று மட்டும் சொன்னார். அத்தை என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் எடுக்கவே இல்லை.

அவர்கள் வந்த வாரத்தில் அடுத்த கடிதம் வந்தது. இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரியாது. நான் சத்தமாக வாசித்து வரிக்கு வரி தமிழில் சொல்வேன். இந்தக் கடிதத்தின் முடிவு 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி.' நான் வாசிக்க ஆரம்பித்ததும் அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள். மாமா துண்டை மடியில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி கேட்டார். முடிந்ததும், "யம்மா, இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். பழைய கடிதம் இருந்தால் அதையும் படி என்றார். மகன் நினைப்பு அரிக்கிறது போல என்று எடுத்துவைத்துப் படித்தேன்.

அதோடு விட்டேனா? பாயை விரித்து, சீட்டுகளைப் பரப்பி, பாருங்கள் மாமா உங்கள் பிள்ளை செய்கிற வேலையை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். இங்கே ஒரு சொல் போகிறது, இங்கே இன்னொன்று போகிறது, ஆள் அப்படியே மாறிக்கொண்டு வருகிறார் என்று வகுப்பு எடுக்கிற மாதிரி சொன்னேன். அவர் சீட்டுகளைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல அவன் கை பட்டது எது?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். இது என் எழுத்து மாமா, அவர் கை பட்டது கடிதத்தில் அல்லவா, அவர் டைப் அடித்ததுதான் எல்லாம் என்றேன். சரிம்மா என்று எழுந்து வெளியே போனார். கடற்கரைப் பக்கம் போயிருக்க வேண்டும், வரும்போது வேட்டி ஓரமெல்லாம் மணல்.

அதற்கப்புறம் இரண்டே கடிதம் வந்தன. சின்னச் சின்னது, ஐந்தாறு வரி. உடம்பைப் பார்த்துக்கொள், வேலை அதிகம். முடிவில் வெறும் 'யுவர்ஸ்.' கொஞ்சம் சப்பென்று இருந்தாலும், விளையாட்டின் கடைசிப் படிக்கு வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

பெண் பிறந்தாள். நாற்பது நாள் கழிந்தது. நாற்பத்தோராம் நாள் காலையில் பிள்ளைக்குக் குளிக்கத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. மாமா தன் தகரப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு தந்தியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். பட்டாளத்தில் சேரும்போது என் கணவர் கொடுத்திருந்த விலாசம் சாத்தான்குளம். தந்தி அங்கேதான் போயிருக்கிறது. சபைப் போதகர் வாசித்துச் சொல்லியிருக்கிறார். அஸ்ஸாமில், பட்டாளத்து ஆஸ்பத்திரியில், காய்ச்சலில். மாமாவும் அத்தையும் என் வீட்டில் வந்து இறங்குவதற்கு மூன்று நாள் முந்தைய தந்தி. மாமாவுக்கு வேம்பார்க்காரரிடமிருந்தும் ஒரு கடிதம் வந்திருந்தது. அண்ணன் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார், பிள்ளை பிறக்கும்வரை அவளிடம் சொல்லக் கூடாது, நீ எழுதிக்கொண்டிரு என்று கேட்டுக்கொண்டார், அதன்படி எழுதுகிறேன் என்று.

வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் சாவைச் சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். நானே வேறொருத்தி விஷயத்தில் அப்படி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன். அதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை. என்னைப் பாயில் உட்காரவைத்து, செத்த மகனின் கடிதத்தைச் சிரிக்கச் சிரிக்க வாசிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்களே என்றுதான் தோன்றியது. ஊரிலேயே அதிகம் ஆங்கிலம் படித்தவள் நான், எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

கடைசியில் வந்ததில் நாலஞ்சு கூட்டாளி எழுதியதாக இருக்கும், எது எது என்று எனக்குத் தெரியாது என்றார் மாமா. எனக்குத் தெரியும் என்றேன். கடிதக் கட்டை எடுத்தேன். எந்தக் கடிதத்தில் முதல் சொல் உதிர்ந்ததோ அங்கே கோடு. அதற்கு முன்னால் அவர், அதற்குப் பின்னால் அந்த ஆள். பேச்சு மாறினால் ஆள் மாறிவிட்டான், துரை செத்த புத்தகத்தில் பார்த்தோமே. டின் மூடியில் ஒட்டியிருந்த விதி அதைச் சொல்லவில்லை. திடீரென்று மாறினால்தான் ஆள் மாறியிருப்பான் என்றது. இங்கே மெதுவாக அல்லவா மாறியிருந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை.

"அவசரப்படாதம்மா. அந்தத் தம்பி வரட்டும், ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்" என்றார் மாமா.

ஐந்து கடிதங்கள். பிள்ளைக்குத் தண்ணீர் காய்ந்த அடுப்பில் ஐந்தையும் போட்டேன். மாமா கையை நீட்டினார், நான் தட்டிவிட்டேன். மாமனார் கையைத் தட்டிவிட்ட முதல் மருமகள் எங்கள் வகையறாவில் நான்தான். மறுநாளே அவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கருப்பட்டி கொண்டுவந்து வாசலில் நிற்பார். பிள்ளையைக் கையில் கொடுப்பேன், நான் பேச மாட்டேன்.

போர் முடிந்த மறுவருஷம் வேம்பார்க்காரர் வந்தார். கடற்கரை ரோட்டு பஸ்ஸில் வந்து இறங்கி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பாதி உடம்பாகியிருந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிய இலக்கியத்தை வாசித்தோம், ரொம்ப நன்றாக இருந்தது என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் எழுதுனது ரெண்டே ரெண்டுதான் மதினி. அந்த அஞ்சு வரி லெட்டரு ரெண்டு, கீழ பேனாவுல ஒத்த எழுத்தும் நான் போட்டதுதான். மத்தது பூராவும் அண்ணன்தான்" என்றார்.

 அவர் சொல்லிக்கொண்டே போனார். என் கணவர் இரண்டரை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். தேற மாட்டோம் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. ஆபீசிலிருந்து பழைய டைப்ரைட்டர் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, தலையணையை முதுகுக்குக் கொடுத்து, அவரே அடித்திருக்கிறார். நீங்கள் படுத்திருங்கள், நான் பின்னால் பார்த்துக்கொள்கிறேன் என்று வேம்பார்க்காரர் சொன்னதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"'திடீர்னு மாறுனா அவ கண்டுபிடிச்சிருவாடே. நானே கொஞ்சங் கொஞ்சமா மாத்திக்கிட்டு வாரேன். நான் விட்ட எடத்துல நீ பிடிச்சுக்கோ'ன்னாரு. ஒவ்வொரு லெட்டருக்கும் ஒவ்வொரு வார்த்தையா எடுத்தாரு. ஃபெயித்ஃபுலின்னு முடிச்சாரே, அதுதான் கடைசி. அதுக்கு வெரலு ஓடல. அவரு சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். மூணு நாளாச்சு மதினி. ஒரு வார்த்த மாத்தப்பிடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கடிதத்தை ஒரு தரம் பார்க்கலாமா என்று கேட்டார். பத்திரமாக இருக்கிறது, உள்ளே எங்கேயோ வைத்திருக்கிறேன், இன்னொரு நாள் வாருங்கள் என்றேன். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன். எனக்குப் பொய் சொன்ன மனிதருக்கு நானும் ஒரு பொய் சொல்லி அனுப்பினேன். அதற்கப்புறம் அவர் வரவில்லை.

அவர் போனதும் டின்னை எடுத்தேன். மூன்று வருஷமாகத் திறக்காத டின். சீட்டுகள் சொல் வரிசையில்தான் அடுக்கியிருந்தன, கடித வரிசையில் அல்ல. ஃபெயித்ஃபுலி கடிதத்தின் எண்ணை வைத்துக்கொண்டு டின் முழுவதையும் கவிழ்த்துத் தேடினேன். நான்கு சீட்டு கிடைத்தது. ஒன்று 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி.' இன்னொன்றில் 'பிளேன்', மேலே பிளேன் போகிற சத்தம், மூன்று புள்ளி. அடுத்தது 'ஹோப்', நீ நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று, மூன்று புள்ளி. நான்காவது 'ஷுட் இட் பி எ கேர்ள்.' பிறப்பது பெண்ணாயிருக்குமாயின். மூன்று புள்ளி.

பழைய துரைமாரைத் தவிர யாரும் அப்படி எழுத மாட்டார்கள். சாகப்போகிற நேரத்தில் தன் பேச்சையெல்லாம் ஒளித்து வைத்துக்கொண்டு வந்தவர், இந்த ஒன்றை மட்டும் மறைக்க மறந்துவிட்டார். பழைய வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அதனால்தான் அன்றைக்குச் சீட்டே போட்டிருந்தேன். அவர்தான் எழுதினார் என்பதற்கு அத்தாட்சி என் டின்னிலேயே, என் கையெழுத்திலேயே இருந்தது. அடுப்புக்கும் டின்னுக்கும் நாலு எட்டுத் தூரம்.

பெண்ணாக இருந்தால் என்ன? உட்கார்ந்து யோசித்தேன். என் கோபத்தைப் பற்றி ஏதோ எழுதியிருந்தார், அதுவரை நினைவிருக்கிறது. உன் கோபம் அவளுக்கும் வரட்டும் என்றாரா, வராமல் இருக்கட்டும் என்றாரா? இரண்டு விதமாகவும் அவர் குரலில் எனக்குக் கேட்கிறது. அந்த வரியை நான் எத்தனையோ தரம் வாசித்திருப்பேன். வாசிக்கும்போது என் கண் முழுக்க 'ஷுட்' என்ற சொல்லின் மேல் இருந்திருக்கிறது.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுச் சாத்தான்குளம் போனேன். மாமா கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். மூன்று வருஷம் பேசாதவள் எடுத்த எடுப்பில் சீட்டை நீட்டினேன். அந்தக் கடிதத்தை உங்களுக்கு இரண்டு தரம் வாசித்தேனே மாமா, ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

அவருக்கு முழுக்கவும் ஞாபகம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, நான் அன்று சொன்ன அதே தமிழில், அதே வரிசையில் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே மழை. மேலே பிளேன் போகிற சத்தம் கேட்டால் நம் கரையில் தோணிப்பாய் படபடக்கிற மாதிரி இருக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி. நீ நன்றாகச் சாப்பிடு. அவர் உதடு அசைய அசைய என் கணவர் அந்தக் கடைக்குள் வந்து நின்றார். அந்த இடம் வந்ததும் மாமா நிறுத்தினார்.

"பெறவு மாமா? பொண்ணா இருந்தா என்ன சொன்னாக?"

"அந்த எடம் வந்ததும் நீ நிறுத்திட்டம்மா" என்றார். "ரெண்டு தடவயும் நிறுத்திட்ட. 'இது எனக்கு மாமா'ன்னு சொல்லிட்டுச் சிரிச்ச. ரொம்ப நேரம் சிரிச்ச."

வேறு யாரைக் கேட்பது? அதை அடித்தவரைக் கேட்கலாம், ஆனால் பத்திரமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வேம்பாருக்குப் போக பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு முறை போனேன். மூன்றாம் முறை போவதற்குள் அவர் போய்விட்டார் என்று செய்தி வந்தது. அவருக்கு மார்புச் சளி.

இப்போது என் மகளுக்கு ஆறு வயது. என்னை உரித்து வைத்திருக்கிறாள். நேற்றுக்கூட ஏதோ ஒன்றுமில்லாததற்குச் சிலேட்டைப் போட்டு உடைத்துவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போனாள். அடிக்கலாம் என்று கையை ஓங்கிக்கொண்டு போய், கதவுக்கு வெளியே நின்றுவிட்டேன். அவர் கேட்டது ஒருவேளை இதுவாகவே இருந்தால்?